மரபணு வெளிப்பாடு: மாட்டினத்தின் தொடக்கக் கரு வளர்ச்சியும் கலைச்சொல் தெளிவும்

1. முன்னுரை

மரபணுவைப் பற்றிப் பேசும் உயிரியற் சொற்களுள் பல, மொழிக்கும் எழுத்துக்கும் உரிய சொற்களாக அமைந்துள்ளன. எழுத்து, குறியீடு, செய்தி, படியெடுத்தல், மொழிபெயர்ப்பு, வெளிப்பாடு என்பன அவற்றுட் சில. மொழித்துறையிலிருந்து உயிரியலுக்குச் சென்ற இவை, பாடநூல்களின் வழியாகத் தமிழுக்கு வந்தபோது, தமிழில் முன்பே வேறு பொருளில் வழங்கிவந்த சொற்களின் வடிவிலேயே வந்து சேர்ந்தன. ஆகவே இவற்றைப் படிக்கும் மாணவர் அறிவியற் பொருளோடு பழைய பொருளையும் சேர்த்தே கொள்கிறார். இச்சேர்க்கை சில இடங்களில் துணைசெய்கிறது. சில இடங்களில் இடறச்செய்கிறது.

'மரபணு வெளிப்பாடு' என்னும் தொடர் எதனைக் குறிக்கிறது என்பதை மாட்டினத்தின் தொடக்கக் கரு வளர்ச்சியைக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். மாட்டினத்தைத் தேர்ந்தமைக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, மாட்டின் கருவில் தாய் வைத்த பொருள்களால் நடைபெறும் வளர்ச்சியும் கருவின் சொந்த மரபணுக்களால் நடைபெறும் வளர்ச்சியும் காலத்தால் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. இரண்டாவது, அப்பிரிவை விளங்கிக்கொள்வதும் கொள்ளாததும் மாடு வளர்ப்போரின் வாழ்வோடு தொடர்புடையன.

2. சொற்கள் வந்த வழி

'ஜீன்' என்னும் சொல்லை டென்மார்க்கு நாட்டு அறிஞர் வில்ஹெல்ம் யோஹான்சன் 1909இல் ஆக்கினார். அப்போது அச்சொல்லுக்கும் மொழிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. 1944இல் இயற்பியலறிஞர் ஷ்ரோடிங்கர், குரோமோசோம்களில் உயிரின் வளர்ச்சி முழுமையும் ஒரு குறியீட்டெழுத்தாகப் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும் எனக் கருதினார். 1953இல் டி.என்.ஏ.வின் அமைப்பு கண்டறியப்பட்டபின் இக்கருத்து வேர்கொண்டது. 1961இல் தூது ஆர்.என்.ஏ. இனங்காணப்பட்டது, அதே ஆண்டில் குறியீட்டின் முதற்சொல்லும் படிக்கப்பட்டது. நான்கு 'எழுத்து'களில் மும்மூன்று சேர்ந்து 64 'சொற்கள்' ஆகின்றன. அவற்றுள் 61 இருபது அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன, எஞ்சிய மூன்று முற்றுப்புள்ளிகளாக நிற்கின்றன என்பது அப்பத்தாண்டின் இறுதிக்குள் தெளிவாயிற்று.

மொழியியலார் இதனைக் கவனியாதிருக்கவில்லை. தாமாகப் பொருள் தராத ஒலியன்கள் கூடிப் பொருள்தரும் அலகுகள் ஆவதும், தனித்துப் பொருளற்ற நான்கு எழுத்துகள் கூடிப் பொருளுடைய மும்மைகள் ஆவதும் ஒத்த அமைப்புடையன என்று ரோமன் யாக்கப்சன் கருதினார். உயிரியலறிஞர் பிரான்சுவா யாக்கோபும் அவரும் 1967இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் இவ்வொப்புமை குறித்து உரையாடினர். ஒப்புமை இருப்பினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. மொழியில் பேசுவோனும் கேட்போனும் உண்டு. செல்லினுள் உள்ளவை ஒன்றையொன்று பற்றியும் விலக்கியும் இயங்கும் மூலக்கூறுகள் மட்டுமே.

தமிழில் 'படியெடுத்தல்' என்பது கல்வெட்டியலார் வழங்கும் சொல். கல்லின் மேல் தாளை ஒற்றி எடுப்பதே படி. கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. படி பல இடங்களுக்குச் செல்கிறது. டி.என்.ஏ. செல்லின் உட்கருவிலேயே இருக்க, அதிலிருந்து எடுக்கப்பெற்ற ஆர்.என்.ஏ. படி வெளியே செல்வதற்கு இதனினும் பொருத்தமான சொல் அமைவது அரிது. 'மொழிபெயர்த்தல்' தொல்காப்பிய மரபியலிலேயே இடம்பெறும் சொல். நான்கெழுத்து மொழியில் அமைந்த படி, இருபது அலகுகளைக் கொண்ட புரத மொழிக்கு மாறுவதை அது செவ்வனே உணர்த்துகிறது. இவ்விரு சொற்களும் தமிழில் நன்கு பொருந்தியவை. இடர்ப்பாடு 'வெளிப்பாடு' என்பதில் தொடங்குகிறது.

3. வெளிப்பாடு என்பது யாது?

மாட்டின் ஒவ்வொரு செல்லிலும் 30 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. 2009இல் வெளியிடப்பட்ட மாட்டின் மரபணுத்தொகை வரிசையில் ஏறத்தாழ 22,000 மரபணுக்கள் கணக்கிடப்பட்டன. தோலின் செல்லிலும் மடியின் செல்லிலும் இவை ஒன்றுபோலவே உள்ளன. ஆயினும் பாற்புரதத்தை மடியின் செல்லே ஆக்குகிறது. எனவே ஒரு மரபணு இருத்தல் வேறு. அது செயற்படுதல் வேறு. செயற்படுதலிலும் படிகள் பல. மரபணுவிலிருந்து படி எடுக்கப்பட வேண்டும். எடுத்த படியின் தேவையற்ற இடைப்பகுதிகள் நீக்கப்பட வேண்டும். படி சிதையாமல் நிலைக்க வேண்டும். அது புரதமாகப் பெயர்க்கப்பட வேண்டும். இத்தொடர் முழுமைக்கும் உயிரியலார் இட்ட பொதுப்பெயரே 'மரபணு வெளிப்பாடு'.

தமிழில் 'வெளிப்படு' என்பது தன்வினை. உள்ளே மறைந்திருந்தது தானே வெளிவருதல் என்னும் பொருளையே அது முதலில் தருகிறது. ஆகவே 'மரபணு வெளிப்பட்டது' என்னும் தொடரைப் படிப்பவர், ஒரே கணத்தில் நிகழும் ஒரே நிகழ்ச்சி என அதனைக் கொள்ள நேர்கிறது. படி எடுக்கப்பட்டும் புரதம் ஆகாமல் நாட்கணக்கில் காத்திருக்கும் நிலை ஒன்று உண்டு என்பது அவருக்குப் புலப்படுவதில்லை. மாட்டின் சினைமுட்டை அத்தகைய நிலைக்குச் சிறந்த சான்றாகும்.

4. தாயின் வைப்பு

முழு வளர்ச்சியுற்ற மாட்டுச் சினைமுட்டையின் விட்டம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. உடலின் பிற செல்களோடு ஒப்பிட இது மிகப் பெரியது. சினைப்பையில் வளரும் காலத்தில் சினைமுட்டை தன் மரபணுக்களிலிருந்து பெருந்தொகையான படிகளை எடுத்துச் சேமிக்கிறது. சேமித்த படிகள் அனைத்தும் உடனே புரதமாவதில்லை. பலவற்றின் வாலில் உள்ள அடினின் தொடர் குறுகியதாக வைக்கப்பட்டு, அவை உறங்குநிலையில் நிறுத்தப்படுகின்றன. உரிய காலத்தில் அவ்வால் நீண்டபின்பே அவை பெயர்க்கப்படுகின்றன. முதிர்ச்சி நிறைவுறும்போது படியெடுத்தல் ஏறத்தாழ நின்றுவிடுகிறது.

கருவுறுதல் சினைமுட்டைக் குழலில் நிகழ்கிறது. அதன்பின் கரு இரண்டாகவும் நான்காகவும் எட்டாகவும் பிளவுறுகிறது. இப்பிளவுகளின்போது கரு பருமனில் வளர்வதில்லை. பெரிய ஒரு செல் சிறிய பலவாகப் பகுக்கப்படுகிறது. இக்காலத்துப் பணிகளைப் பெரும்பாலும் நடத்துவன தாய் சேமித்துவைத்த படிகளும் புரதங்களுமே. கருவின் சொந்த மரபணுக்களிலிருந்து சிறு அளவில் படியெடுப்பு நிகழினும், தொடக்கப் பிளவுகள் அதனைச் சார்ந்து நிற்பதில்லை.

இதற்குத் தெளிவான சான்று உண்டு. காளான் நஞ்சான ஆல்ஃபா அமானிட்டின், தூது ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதியைத் தடுக்கும் இயல்புடையது. அந்நஞ்சு கலந்த ஊடகத்தில் மாட்டின் கருவை வளர்த்தபோதும் அது பிளவுற்றுக்கொண்டே சென்றது. ஆனால் 8 முதல் 16 செல் நிலையை அடைந்ததும் நின்றுவிட்டது. அதாவது, அதுவரை செல்வதற்குக் கருவுக்குத் தன் படிகள் தேவைப்படவில்லை; அதற்குமேல் செல்ல அவை இன்றியமையாதன. தாயின் வைப்பு கரையும் எல்லை அது.

5. எட்டுச் செல் நிலை

தாயின் வைப்பிலிருந்து கருவின் சொந்தச் செயலுக்கு மாறும் இந்நிலை விலங்குதோறும் வேறுபடுகிறது. எலியில் இது இரண்டு செல் நிலையிலும், பன்றியில் நான்கு செல் நிலையிலும், மனிதரில் நான்கிலிருந்து எட்டுச் செல் நிலையிலும், மாட்டிலும் செம்மறியிலும் எட்டிலிருந்து பதினாறு செல் நிலையிலும் முதன்மையாக நிகழ்கிறது. மாட்டில் இது கருவுற்ற மூன்றாம், நான்காம் நாள்களை ஒட்டியது. ஆய்வாளர் எலியிற் கண்டதை மாட்டிற்கு அப்படியே பொருத்த இயலாமைக்கு இவ்வேறுபாடு ஒரு காரணமாகும்.

சோதனைச்சாலையில் மாட்டின் கருவை வளர்க்க 1980களில் முயன்றோர் இவ்வெல்லையை நடைமுறையிலேயே கண்டனர். கருவுறுதல் இயன்றது, பிளவுகளும் நிகழ்ந்தன, ஆனால் பெரும்பாலான கருக்கள் 8 முதல் 16 செல் நிலையில் நின்றுபோயின. சினைமுட்டைக் குழலின் செல்களோடு சேர்த்து வளர்த்தபோது அத்தடை பெருமளவு நீங்கியது. பின்னர் ஊடகங்களின் அமைப்பைத் திருத்தியும் அதனைக் கடந்தனர். ஆயினும் சோதனைக் குழாயில் கருவுறுவிக்கப்படும் மாட்டுச் சினைமுட்டைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ஏழாம் நாள் நிலையை அடைகின்றன.

6. எவருடைய படி?

எட்டுச் செல் கருவில் ஓர் ஆர்.என்.ஏ. படி காணப்படுமாயின், அது தாய் வைத்துப்போனதா, கரு புதிதாக எடுத்ததா? இரண்டும் ஒரே எழுத்துகளால் ஆனவை. இவற்றைப் பிரித்தறிவதே இத்துறையின் நெடுநாளைய சிக்கலாக இருந்தது. 2014இல் ஜெர்மானிய ஆய்வாளர் குழு ஒன்று வெளியிட்ட ஆய்வு இதற்கு மூன்று வழிகளைக் கையாண்டது. இங்கு இந்திய மாட்டினத்திற்கும் ஓர் இடம் உண்டு. ஐரோப்பிய இனப் பசுவின் சினைமுட்டையை, இந்திய மரபினதான திமிலுடைய இனத்துக் காளையின் விந்தணுவால் கருவுறச் செய்தனர். இவ்விரு இனங்களின் மரபணுக்களில் ஆங்காங்கே ஓரெழுத்து வேறுபாடுகள் உள்ளன. பேச்சில் தோன்றும் ஓர் ஒலியைக் கொண்டு பேசுபவர் எவ்வட்டாரத்தார் என அறிவதைப் போல, அவ்வோரெழுத்தைக் கொண்டு ஒரு படி தந்தையின் மரபணுவிலிருந்து வந்ததை அறியலாம். விந்தணு கொண்டுவரும் படிகள் மிகச் சிலவே. ஆதலின் கருவில் காணப்படும் தந்தைவழிப் படியைக் கரு தானே எடுத்தது எனக் கொள்ளலாம்.

மற்றை வழிகள் இரண்டு. சினைமுட்டையில் அறவே இல்லாதிருந்து கருவில் புதிதாகத் தோன்றும் படிகளைக் கணக்கிடுதல் ஒன்று. இடைப்பகுதிகள் இன்னும் நீக்கப்படாத படிகளைத் தேடுதல் மற்றொன்று; திருத்தப்படாத கைப்படி அண்மையில் எழுதப்பட்டதைக் காட்டுவது போல இவை புதிய படியெடுப்பைக் காட்டுகின்றன. நான்கு செல் நிலை முதல் ஏழாம் நாள் நிலை வரை, புதிதாகத் தோன்றும் படிகளால் 220 மரபணுக்களும், தந்தைவழிப் படிகளால் 937 மரபணுக்களும், திருத்தப்படாத படிகளால் 6,848 மரபணுக்களும் செயற்படத் தொடங்குவது அறியப்பட்டது. மூன்று வழிகளிலும் மிகப் பெரும் பங்கு எட்டுச் செல் நிலைக்கே உரியதாயிற்று. முறையே 59, 42, 58 விழுக்காடு.

ஒரே வினாவுக்கு மூன்று விடைகள் கிடைத்தமை கருதத்தக்கது. 'எத்தனை மரபணுக்கள் வெளிப்பட்டன?' என்னும் வினா, எதனை வெளிப்பாடாகக் கொள்கிறோம் என்பது கூறப்படாதவரை முழுமையான வினா ஆகாது.

7. இருவகைச் செல்கள்

எட்டுச் செல் நிலையைக் கடந்த கரு கருப்பையை அடைகிறது. ஏழாம் நாளையொட்டி நூறு அளவிலான செல்களையுடைய, உள்ளே நீர்மம் நிறைந்த கருக்கோளம் ஆகிறது. இங்குத்தான் செல்களுக்கிடையே முதற்பிரிவு ஏற்படுகிறது. உள்ளே திரளும் செல்கள் கன்றாகின்றன. புறத்தே சூழும் செல்கள் நச்சுக்கொடியின் பகுதிகளாகின்றன. இரண்டிலும் மரபணுத்தொகை ஒன்றே. படியெடுக்கப்படும் மரபணுக்களே வேறு.

எலியில் ஓ.சி.டி.4 என்னும் மரபணு இந்நிலையில் புறச்செல்களில் அடங்கி, உட்செல்களில் மட்டும் தொடர்கிறது. மாட்டிலோ அது இருவகைச் செல்களிலும் காணப்படுகிறது; புறச்செல்களில் பின்னரே அடங்குகிறது. இதனை 2011இல் வெளியான ஆய்வொன்று விளக்கியது. மாட்டின் புறச்செல்கள் நெடுநாள் கருப்பையில் ஒட்டாமல் மிதந்திருப்பவை. அவற்றின் முடிவான உறுதிப்பாடும் அதற்கேற்பக் காலந்தாழ்ந்தே நிகழ்கிறது. ஒரே மரபணு, ஒரே புரதம். ஆயினும் வெளிப்படும் காலமும் இடமும் மாறுவதால் விளைவு மாறுகிறது. ஒரு சொல்லின் பொருள் அது வரும் சூழலைச் சார்ந்தது என்னும் மொழியியற் கருத்து இங்கு நினைவுகூரத்தக்கது.

8. தாய்க்குச் சேரும் செய்தி

எட்டு முதல் பத்தாம் நாளுக்குள் கருக்கோளம் தன் மேலுறையினின்று வெளிவருகிறது. அதன்பின் அது நீண்டு, பதினாறு, பதினேழாம் நாள்களில் பல சென்டிமீட்டர் நீளமுள்ள இழையாகிறது. இக்காலத்தில் கரு ஆற்றவேண்டிய பெரும்பணி, தான் இருப்பதைத் தாயின் உடலுக்கு அறிவிப்பதாகும். பசுவின் பருவச் சுழற்சி ஏறத்தாழ 21 நாள். கரு இல்லையெனில் கருப்பை புரோஸ்டாகிளான்டினைச் சுரந்து, சினைப்பையிலுள்ள மஞ்சள் உடலத்தை அழிக்கிறது. புரோஜெஸ்டிரோன் குறைந்து பசு மீண்டும் பருவத்துக்கு வருகிறது.

இதனைத் தடுப்பது கருவின் புறச்செல்கள் ஆக்கும் இன்டர்ஃபெரான் டௌ என்னும் புரதம். செம்மறிக் கருவின் இப்புரதம் இன்டர்ஃபெரான் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது 1987இல் வெளிப்பட்டது. பிற விலங்குகளில் பொதுவாக நச்சுயிரியை எதிர்க்கச் சுரக்கும் புரத வகை ஒன்று, அசைபோடும் விலங்குகளில் கருவுற்றமையை அறிவிக்கும் அடையாளமாக அமைந்திருப்பது வியப்புக்குரியது. இது கருப்பையின் உட்படலத்தில் ஆக்சிடோசின் ஏற்பிகள் பெருகுவதைத் தடுக்கிறது, மஞ்சள் உடலம் நிலைக்கிறது, சினை தொடர்கிறது. முதல் மூன்று நாள் தாயின் படிகளால் கரு நடத்தப்பட்டது. இப்போது கருவின் படிகளால் தாயின் கருப்பை நடத்தப்படுகிறது.

9. 'சினை நிற்கவில்லை'

மாடு வளர்ப்போர் வழக்கில் 'மாடு சினை நிற்கவில்லை' என்னும் தொடர் ஒன்றே இந்நிகழ்ச்சிகளின் தோல்வி அனைத்தையும் குறிக்கிறது. கருவுறாமை, எட்டுச் செல் நிலையில் கரு நின்றுபோதல், கருக்கோளம் அழிதல், தாய்க்கு அறிவிப்புச் சேராமை ஆகிய நான்கும் வேறு வேறு காரணங்களை உடையன. ஆனால் கரு ஏறத்தாழ பதினாறாம் நாளுக்கு முன் அழிந்தால் பசு வழக்கமான 21ஆம் நாளையொட்டியே பருவத்துக்கு வந்துவிடும். கருவுறாத பசுவும் அவ்வாறே வரும். புறத்தே இரண்டிற்கும் வேறுபாடு இல்லை. ஆகவே சினை ஊசியையோ, அதனைப் போட்டவரையோ, பசுவையோ குறைகூறுவது வழக்கமாகிறது. உண்மையில், நல்ல நிலையிலுள்ள பசுக்களுக்கு உரிய காலத்தில் ஊசி போடப்படின் பெரும்பாலானவற்றில் கருவுறுதல் நிகழ்ந்துவிடுகிறது. இழப்பின் பெரும்பகுதி அதன் பின்னர், முதல் மூன்று வாரங்களுக்குள் ஏற்படுகிறது.

இவ்வேறுபாட்டை அறிவதால் பயன் உண்டு. வெப்பம் மிகுந்த சூழலில் பசுக்களை வைத்து அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் செய்யப்பட்டு 1993இல் வெளியான ஆய்வில், கருவுற்ற முதல் நாளில் வெப்பம் தாக்கியபோது கரு வளர்ச்சி குன்றியது. மூன்றாம் நாளிலும் அதன் பின்னும் தாக்கியபோது அவ்வாறு குன்றவில்லை. தாயின் வைப்பைக்கொண்டு இயங்கும் காலமே கருவுக்கு மிக மென்மையான காலம் என்பது இதனால் பெறப்படுகிறது. கோடையில் ஊசி போட்ட நாளிலும் அதனையடுத்தும் பசுவை நிழலிலும் குளிர்ச்சியிலும் வைத்தல் வேண்டும் என்னும் அறிவுரைக்கு அடிப்படை இதுவே. 'சினை நிற்கவில்லை' என்பதோடு நிற்காமல் 'கரு நின்றதா, நிலைக்கவில்லையா' எனப் பிரித்துப் பேசும் சொற்கள் கிடைப்பின், இவ்வறிவுரையின் காரணம் வளர்ப்போர்க்கு எளிதில் விளங்கும்.

10. கலைச்சொல் பற்றிய சில கருத்துகள்

மேற்கூறியவற்றால் தெளிவுபடுத்த வேண்டிய இடங்கள் மூன்று எனலாம்.

முதலாவது 'வெளிப்பாடு'. இது நிலைபெற்றுவிட்ட சொல், மாற்றுதல் வேண்டா. ஆயினும் அளவுகளைக் கூறுமிடத்துப் 'படியெடுப்பு நிலையில்', 'புரத நிலையில்' என அடைகொடுத்தல் நன்று. சினைமுட்டையில் உறங்கும் படிகள் முதல் நிலையைக் கடந்தும் இரண்டாம் நிலையை எய்தாதவை என்பதை இவ்வடைகள் உணர்த்தும்.

இரண்டாவது 'தாய்வழி'. தாய் சினைமுட்டையில் சேமித்துவைத்த படியும், கரு தாயிடமிருந்து மரபாகப் பெற்ற மரபணுவிலிருந்து புதிதாக எடுத்த படியும் இன்று தமிழில் ஒரே அடையால் குறிக்கப்படக்கூடும். முன்னது கருவின் செயலன்று. பின்னது கருவின் செயல். இரண்டையும் ஒன்றாக்கினால் இக்கட்டுரை கூறும் மாற்றமே மறைந்துபோகும். முன்னதைத் 'தாய்வைப்புப் படி' என்றும் பின்னதைத் 'தாய்வழிப் படி' என்றும் வழங்கலாம். தந்தைக்கு வைப்பு ஏறத்தாழ இன்மையின் 'தந்தைவழிப் படி' என ஒன்றே போதும்.

மூன்றாவது 'கரு'. தமிழில் அணுவின் நடுப்பகுதி அணுக்கரு. செல்லின் நடுப்பகுதி உட்கரு. முட்டையின் உள்ளீடு மஞ்சட்கரு. வளரும் உயிர் கரு. 'கருவிலுள்ள மரபணு' என்னும் தொடர் செல்லின் உட்கருவையும் குறிக்கலாம், வளரும் கருவையும் குறிக்கலாம். இலங்கைப் பாடநூல்களில் வளரும் உயிரைக் குறிக்க வழங்கும் 'முளையம்' இம்மயக்கத்திற்கு இடந்தருவதில்லை. தமிழகத்திலும் 'முளைக்கரு' என்னும் சொல்லாட்சி உண்டு. மயக்கம் நேரும் இடங்களிலேனும் 'உட்கரு', 'முளைக்கரு' எனப் பிரித்து எழுதுதல் வேண்டும்.

11. முடிவுரை

மாட்டின் தொடக்கக் கரு வளர்ச்சியில் மரபணு வெளிப்பாடு என்பது ஒரே நிகழ்ச்சியன்று. தாய் எடுத்துவைத்த படிகள் புரதமாதல், எட்டுச் செல் நிலையில் கரு தன் படிகளை எடுக்கத் தொடங்குதல், இருவகைச் செல்கள் வெவ்வேறு படிகளை எடுத்தல், அவற்றுள் ஒன்றன் புரதம் தாயின் உடலை இயக்குதல் என அது நான்கு நிலைகளையுடையது. 2014இல் தொடங்கப்பெற்ற ராஷ்ட்ரிய கோகுல் இயக்கத்தின் கீழ் சோதனைக் குழாய்க் கருவுறுதலும் கருமாற்றமும் நாட்டு மாடுகளுக்கும் கொண்டுசெல்லப்படுகின்றன. கால்நடை மருத்துவர், ஊசி போடும் பணியாளர், வளர்ப்போர் என இந்நிலைகளைப் பற்றித் தமிழில் பேச வேண்டியோர் இதனால் பெருகுகின்றனர். அவர்கள் தமக்குள் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்வதற்கு வேண்டியது, புதிய சொற்களின் பெருக்கத்தைவிட, உள்ள சொற்கள் எந்நிலையைக் குறிக்கின்றன என்னும் வரையறையே ஆகும்.